மாணவரான குரு

தனிநாயகம் அடிகளாரின் இளமைப் பருவம் நம் குடும்பங்களுக்குச் சொல்லும் பாடம்



சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று பொகவந்தலாவையில் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சென்றிருந்தோம். பூசை முடிந்து மக்கள் தோட்டங்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த வேளை. ஒரு தாய் தம் மகனை இழுத்து வராத குறையாக மறைக்கல்வி மண்டபத்துக்குள் அழைத்து வந்தார். பையனுக்குப் பதினேழு வயதிருக்கும். க. பொ. த. சாதாரண தரப் பரீட்சையில் அவன் தமிழ்ப் பாடத்தில் சித்தியடையவில்லை.

"சாமி, இவனுக்குப் படிப்பு ஏறாதுங்க. மத்ததுல பெயிலுன்னாக்கூட மனசைத் தேத்திக்கலாம். பெத்த பாசையிலயே பெயிலாயிட்டான். கொழும்புல கடையில சேர்த்துவிடலாம்னு இவங்க அப்பா சொல்றாரு. அடுத்த கிழமை பஸ் ஏத்தி விடுறோம். தலையில கைய வச்சு ஒரு ஆசீர்வாதம் குடுங்க சாமி."

பையன் ஒன்றும் பேசவில்லை. அவன் கண்கள் மண்டபத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே தனிநாயகம் அடிகளாரின் படம் ஒன்று தொங்கியது. அவனைப் பேசவைக்கும் எண்ணத்தோடு, "இவர் யாரென்று தெரியுமா, தம்பி?" என்று கேட்டோம்.

"தெரியும் சாமி. தமிழ் மாநாடு நடத்தினவரு. பெரிய அறிஞரு." சற்று நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அவங்க எல்லாம் பொறக்கும்போதே அப்படித்தான் சாமி."

அந்தப் பையன் சொன்னதை வீடு திரும்பும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தோம். அவன் மட்டுமல்ல, நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். பெரியோர்கள் பெரியோர்களாகவே பிறந்தார்கள் என்றும், நம் பிள்ளைகள் நம் பிள்ளைகளாகவே இருந்துவிடுவார்கள் என்றும் முடிவு கட்டிவிடுகிறோம். ஆகவே அந்தச் சுவரிலிருந்த படத்துக்குரியவரின் இளமைக் காலத்தை இவ்வாரம் சற்று விரிவாகக் காண்பது நலமென நினைக்கிறோம்.

நாம் அறிந்த அடிகளார்

நாம் அறிந்திருப்பது முதிர்ந்த தனிநாயகம் அடிகளாரையே. 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கித் தமிழின் பெருமையைப் பிறநாட்டு அறிஞர்களின் மேசைக்குக் கொண்டு சென்றவர் அவர். 1964 சனவரியில் புதுதில்லியில் கீழைத்தேயவியல் அறிஞர்கள் கூடியபோது, உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்று உழைத்தார். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்திக் காட்டினார். 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைக்குத் தலைமை தாங்கினார். 1980 செப்டெம்பர் 1ஆந் திகதி இறைவனடி சேர்ந்தார்.

இவ்வளவையும் பாடநூலில் நம் பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். இவரைத் 'தமிழ்த் தூதர்' என்று பரீட்சைத் தாளில் எழுதிப் புள்ளியும் பெறுகிறார்கள். ஆனால் இருபத்தாறு வயதில் இவர் என்னவாக இருந்தார் என்று கேட்டால் பெரியவர்களுக்கே விடை தெரிவதில்லை. அந்த விடையில்தான் நமக்குரிய பாடம் இருக்கிறது.

கரம்பொன்னிலிருந்து உரோமை வரை

யாழ்ப்பாணத் தீவகத்தில் ஊர்காவற்றுறைக்கு அருகேயுள்ள கரம்பொன் என்னும் ஊரில் 1913 ஆகஸ்ட் 2ஆந் திகதி அவர் பிறந்தார். ஞானஸ்நானப் பெயர் சேவியர். தந்தையாரின் பெயரோடு சேர்த்து சேவியர் ஸ்தனிஸ்லாஸ் என்றே இளமையில் அழைக்கப்பட்டார். 'தனிநாயகம்' என்பது தம் முன்னோரின் பெயரைப் பிற்காலத்தில் அவராக விரும்பி ஏற்றுக்கொண்டது.

ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும், பின்பு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்றார். அது பிரித்தானியர் ஆட்சிக் காலம். அக்காலத்துக் கல்லூரிகளில் ஆங்கிலமே அரியணையில் இருந்தது. கெட்டிக்கார மாணவன் என்றால் ஆங்கிலத்தில் பேசுபவன், எழுதுபவன் என்று பொருள். வீட்டில் அடுப்படியிலும் ஆலயத்தில் செபத்திலும் தமிழ் இருந்தது. அறிவுக்கு உரிய மொழியாக அது கருதப்படவில்லை. இளைஞர் சேவியரும் அந்த ஆற்றோட்டத்தில்தான் வளர்ந்தார்.

1931இல் கொழும்பு புனித பெர்நார்து குருமடத்தில் சேர்ந்து மெய்யியல் கற்றார். 1934இல் உரோமாபுரிக்குச் சென்று ஊர்பன் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றார். அந்நாளில் குருமாணவருக்குப் பாடமும் இலத்தீன், பூசையும் இலத்தீன். மக்களின் மொழியில் திருப்பலி என்பது 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டு ஏட்டை வெளியிட்ட பின்னரே வந்தது. எனவே இத்தாலியம் முதலிய ஐரோப்பிய மொழிகள் அவருக்குக் கைவந்த அளவுக்குச் சங்க இலக்கியம் கைவர வழியே இருக்கவில்லை. 1938இல் குருப்பட்டம் பெற்றார். 1939இல் கல்வியை முடித்து வெளியேறியபோது அவர் இறையியல் கலாநிதி. அவருடைய ஆய்வுக்குரிய பொருள், ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகர் ஆயரான புனித சிப்பிரியான் காலத்துக் குருக்கள்.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அவர் ஆராய்ந்த புனித சிப்பிரியானே காலந்தாழ்த்தி வந்தவர். நாவன்மை ஆசிரியராகப் புகழ்பெற்றிருந்து, நன்கு வளர்ந்த வயதில்தான் அவர் கிறிஸ்தவரானார். அதன்பின் சில ஆண்டுகளுக்குள் ஆயராகி, 258இல் வேதசாட்சியாக மரித்தார். கடவுள் ஒருவரை எந்த வயதில் அழைப்பார் என்று மனிதன் கணக்கு வைத்திருக்க முடியாது என்பதற்கு அவரே சான்று.

மற்றொன்று, உரோமையில் தம்மோடிருந்த தமிழ் மாணவர்களைச் சேர்த்து வீரமாமுனிவர் பெயரால் ஒரு கழகம் அமைத்தார். வீரமாமுனிவர் யார்? 1680இல் இத்தாலியில் பிறந்து, முப்பது வயதளவில் தமிழகம் வந்து, அதன்பின் தமிழைக் கற்று, தேம்பாவணி என்னும் பெருங்காப்பியம் பாடிய யேசுசபைக் குரு. இத்தாலி நாட்டில் இருந்துகொண்டு, தமிழ் கற்ற இத்தாலியர் ஒருவரின் பெயரைத் தமிழ் இளைஞர்கள் தூக்கிப் பிடித்தார்கள்! 'அந்நியர் கற்றார், உரியவர் நாம் கற்றோமா?' என்ற கேள்வி அவ்விளைஞர்களின் நெஞ்சைத் தொட்டிருக்குமா? அதை இறைவனே அறிவார். ஆயினும் பின்னால் நடந்தவற்றைக் காணும்போது, அந்த விதை அங்கேயே விழுந்திருக்கலாம் என எண்ணத் தோன்றுகிறது.

வடக்கன்குளத்தில் ஒரு மாணவர்

தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியேற்ற இளங்குருவை 1940இல் வடக்கன்குளம் புனித தெரேசா பள்ளிக்கு அனுப்பினார்கள். அது திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் உள்ள ஊர். 1745இல் தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற ஊர் என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். 2022 மே மாதம் 15ஆந் திகதி அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது நாமெல்லோரும் மகிழ்ந்தோம் அல்லவா? அவ்வூருக்குத்தான் இவர் துணைத் தலைமையாசிரியராகச் சென்றார்.

உரோமையில் கலாநிதிப் பட்டம், பல மொழிகளில் புலமை, பள்ளியில் பதவி, வயது இருபத்தேழு. இத்தனையும் இருந்தும் தமிழிலக்கியத்தை முறையாகக் கற்றிராதவர். இந்த நிலையில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? 'நமக்கெதற்கு இந்த வயதில்?' என்று இருந்திருப்போம். பிரசங்கத்துக்குப் போதிய தமிழ் இருக்கிறது, நிர்வாகத்துக்கு ஆங்கிலம் இருக்கிறது என்று காலத்தை ஓட்டியிருப்போம். குறை வெளியே தெரிந்துவிடக்கூடாது என்பதிலும் கவனமாக இருந்திருப்போம்.

அவர் அப்படிச் செய்யவில்லை. பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியரிடம் மாணவராகச் சேர்ந்தார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவரிடம் பழந்தமிழ் இலக்கியங்களைப் பாடங் கேட்டார். பகலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியர். பண்டிதர் முன்னே தாமே பிள்ளை.

குரு என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. பலிபீடத்தில் நிற்பவரும் குரு, பாடம் சொல்பவரும் குரு. பலிபீடத்துக் குரு, பாடம் சொல்லும் குருவின் முன்னே மாணவராக அமர்ந்தார். கத்தோலிக்கக் குருவுக்கு இந்து சமயத்துப் பண்டிதர் தமிழ் கற்பித்தார். அவர் இவரிடம் மதம் கேட்கவில்லை. இவர் அவரிடம் பட்டம் காட்டவில்லை. சமயங்கள் சந்தித்து உரையாட வேண்டுமென்று பிற்காலத்தில் சங்க ஏடுகள் கூறின. அவ்வேடுகள் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கிராமத்தில் அது ஓசையின்றி நடந்திருக்கிறது.

தனிநாயகம் அடிகளாரின் வாழ்வில் கோலாலம்பூர் மாநாட்டு மேடையைவிட வடக்கன்குளத்துப் பாட மணிகளே பெரிது என்று சொல்லத் துணிகிறோம். மேடையில் அவரிடம் இருந்தது வெளிப்பட்டது. வடக்கன்குளத்திலோ தம்மிடம் இல்லாததை அவர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளும் துணிவு இல்லாவிட்டால் மேடையே இல்லை.

முப்பத்திரண்டு வயதில் வகுப்பறை

நான்கு ஆண்டுகளில் பசி அடங்கவில்லை, வளர்ந்தது. 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம். ஏ. வகுப்பில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. அங்கியணிந்த ஒரு கலாநிதி, தம்மிலும் வயது குறைந்த மாணவர்களோடு வாங்கில் அமர்ந்து பாடக்குறிப்பு எழுதிய காட்சியை மனக்கண்ணால் பாருங்கள். தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் போன்ற பேரறிஞர்கள் வாழ்ந்த சூழல் அது. எம். ஏ. பட்டத்துக்குப் பின் எம். லிட். ஆய்வையும் அங்கேயே முடித்தார்.

அவ்வாய்வின் பொருள், பழந்தமிழ்ப் பாட்டில் இயற்கை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தைப் பிரித்து, அந்தந்த நிலத்தின் மலையையும் கடலையும் பூவையும் பறவையையும் மனிதரின் அன்போடும் பிரிவோடும் இணைத்துப் பாடிய மரபை அவர் ஆராய்ந்தார். ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்த அவ்வாய்வு, பிறநாட்டார் நம் சங்கப் பாட்டுகளை அறிய ஒரு வாயிலாயிற்று. கடற்காற்றில் பிறந்த தீவகத்துப் பிள்ளை, முப்பது வயதுக்குப் பின்னர் தம் சொந்த நிலத்தின் பாட்டைக் கண்டுகொண்டார். நம் பிள்ளைகளோ குறிஞ்சி நிலத்திலேயே கண் விழிக்கிறார்கள். காலையில் பனி விலக மலைமுகடு தெரிவதை அவர்கள் பாடநூலில் படிக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் 'குறிஞ்சி' என்பது பரீட்சைக்கு மனனம் செய்யும் ஒரு சொல்லாகவே அவர்களுக்கு இருக்கிறதென்றால், குற்றம் பிள்ளையுடையது மட்டுமா?

வீணாகாத ஆண்டுகள்

இனி, இக்கட்டுரையின் மையமான செய்திக்கு வருவோம். தமிழைப் படிக்காமல் கழிந்த ஆண்டுகள் அவருக்கு வீணானவையா?

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம், கொழும்பில் மெய்யியல், உரோமையில் இலத்தீனும் இறையியலும் என்று இருபத்தாறு ஆண்டுகள் போயின. அந்தக் காலத்தில் ஒரு பண்டிதரிடம் இருந்திருந்தால் இன்னும் பெரிய தமிழறிஞர் ஆகியிருப்பாரே என்று நாம் ஏங்கலாம்.

ஆனால் நடந்ததைப் பாருங்கள். 1554இல் லிஸ்பனில் அச்சான ஒரு மறைக்கல்வி நூல் உண்டு. தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் அச்சிட்ட நூல் அது. அதை விளக்கித் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் தனிநாயகம் அடிகளார். 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ் - போர்த்துக்கேய அகராதி ஒன்று உண்டு. அந்தாம் தெ புரோயென்சா என்னும் யேசுசபைக் குரு தொகுத்தது. அதை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டவரும் அவரே. தமிழ் மட்டுமே கற்ற ஒரு பண்டிதர் லிஸ்பனுக்கும் வத்திக்கானுக்கும் சென்று, போர்த்துக்கேயத்திலும் இலத்தீனிலும் எழுதப்பட்ட ஏடுகளுக்குள் தமிழைத் தேடியிருக்க முடியுமா? நூலகத்துக்குள் நுழைய மொழி வேண்டும். எதைத் தேடுகிறோம் என்பதை அறியத் தமிழ் வேண்டும். இரண்டும் ஒரே மனிதரிடம் சேர்ந்தபோதுதான் பூட்டுத் திறந்தது.

ஆக, தமிழுக்கு வெளியே போனதாகத் தோன்றிய ஆண்டுகளே தமிழுக்குப் பயன்பட்டன. நமக்கு வீண் என்று தெரிவதையும் இறைவன் எடுத்துவைத்துக்கொள்கிறார். உரிய வேளையில் அதைப் பயன்படுத்துகிறார்.

திருவிவிலியத்தில் மோசேயின் வரலாறு இதுவே. எகிப்தியரின் கல்வியனைத்தையும் அவர் கற்றிருந்தார் என்று திருத்தூதர் பணிகள் நூல் ஏழாம் அதிகாரத்தில் காண்கிறோம். தம் மக்களைக் காணும் எண்ணம் அவருக்கு நாற்பது வயதில்தான் எழுந்தது என்பதும் அங்கேயே கூறப்பட்டுள்ளது. பார்வோனின் அரண்மனையில் வளர்ந்த ஆண்டுகள் வீணாகவில்லை. பார்வோன் முன்னே நின்று பேச வேண்டிய நாள் வந்தபோது, அரண்மனையை அறிந்த ஒருவரையே ஆண்டவர் அனுப்பினார்.

இதைவிட மேலான எடுத்துக்காட்டு நம் ஆண்டவரே. பன்னிரண்டு வயதில் ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்த இயேசு, முதலில் செவிமடுத்தார், கேள்வி கேட்டார் என்று லூக்கா எழுதுகிறார். அதே அதிகாரத்தின் இறுதியில் அவர் ஞானத்தில் வளர்ந்தார் என்றும் எழுதுகிறார். இறைமகனுக்கே வளர்வதற்குக் காலம் வேண்டியிருந்தது; முப்பது வயதுவரை நாசரேத்தில் மறைந்திருக்க வேண்டியிருந்தது. அப்படியானால் லயத்தில் பிறந்த நம் பிள்ளைக்குப் பதினாறு வயதில் தீர்ப்பெழுத நமக்கு யார் அதிகாரம் தந்தது?

அந்தத் தாயின் கேள்வி

இவற்றில் சிலவற்றை அன்று அந்தத் தாயிடம் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவருக்கு ரோமாபுரி கெடைச்சுது சாமி. எம் புள்ளைக்கு என்னா இருக்கு?"

வாசகர்களே, இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்து ஓடக்கூடாது. இது நியாயமான கேள்வி. அடிகளார் பிறந்த குடும்பம் பிள்ளையை நல்ல கல்லூரிக்கு அனுப்பக்கூடிய குடும்பம். அவருக்குக் கல்லூரி இருந்தது, குருமடம் இருந்தது, கற்க நேரமும் இருந்தது. அவர் அண்ணாமலையில் கற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் நம் மலையகத்தில் நடந்ததென்ன? 1948இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் நம் மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். தோட்டப் பாடசாலை என்பது பெரும்பாலும் ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்றிருந்தது. 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் அவை படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. நாடற்றோராக எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் குடியுரிமை வந்தது. பல தலைமுறைகளின் பின்னடைவை ஒரு பிள்ளையின் சோம்பேறித்தனமாகக் காட்டுவது அநீதி.

எனவே, 'முயன்றால் நீயும் தனிநாயகம் ஆகலாம்' என்று நாம் சொல்ல வரவில்லை. அது மேடைப்பேச்சு. நாம் சொல்வது வேறு. அடிகளாரின் வாழ்வைத் திருப்பியது உரோமாபுரி அன்று. ஒரு கிராமத்தில், ஒரு பண்டிதர், ஒரு மாணவருக்காகச் செலவழித்த நான்கு ஆண்டுகளே அதைத் திருப்பின. உரோமாபுரியைப் பொகவந்தலாவைக்குக் கொண்டுவர நம்மால் ஆகாது. ஆனால் ஒரு பண்டிதரைக் கொண்டுவர நம்மால் ஆகும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, கணக்கை மூடாதிருப்போம். சாதாரண தரத்தில் தவறிய பாடத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மீண்டும் எழுதலாம். இது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. பிள்ளைக்கும் எவரும் சொல்வதில்லை. கொழும்பில் கடைவேலை இழிவானதல்ல. உழைப்பு எதுவும் இழிவல்ல. வீட்டுக் கஷ்டத்தால் போகத்தான் வேண்டுமென்ற பிள்ளையும் உண்டு. ஆனால் 'மண்டையில் ஒன்றுமில்லாதவன்' என்ற பட்டத்தைச் சூட்டி பஸ் ஏற்றுவது வேறு. புத்தகத்தையும் பையில் வைத்து, 'விடுமுறைக்கு வரும்போது பரீட்சை எழுது' என்று வழியனுப்புவது வேறு.

இரண்டாவது, பங்குதோறும் ஒரு பண்டிதரைத் தேடுவோம். உயர்தரம் முடித்து வீட்டிலிருக்கும் அக்காமார், பல்கலைக்கழகம் சென்று விடுமுறைக்கு வரும் அண்ணன்மார், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் ஒவ்வொரு பிரிவிலும் இருக்கிறார்கள். கிழமைக்கு இரண்டு மாலை போதும். மறைக்கல்வி மண்டபம் ஞாயிறு தவிர்ந்த நாட்களில் பூட்டியே கிடப்பதேன்? கற்பிப்பவர் இந்துவா, கத்தோலிக்கரா என்று கேட்க வேண்டாம். கற்க வரும் பிள்ளையிடமும் கேட்க வேண்டாம். வடக்கன்குளத்துப் பண்டிதர் கேட்கவில்லை.

மூன்றாவது, பெற்றோரே, நீங்களும் மாணவராகுங்கள். தாய் கொழுந்தெடுத்துக் களைத்து வருகிறார், தந்தைக்கும் அலுப்பு. உண்மைதான். ஆயினும் இரவுச் செபத்துக்குப் பின் அடுத்த ஞாயிற்றின் நற்செய்தி வாசகத்தைப் பிள்ளை உரக்க வாசிக்க, வீட்டார் கேட்கலாம். வாசிக்கத் தெரியாத பாட்டியும் கேட்கலாம். தெரியாத சொல் வந்தால், 'எனக்கும் தெரியாது, கேட்டுக்கொண்டு வா' என்று சொல்லுங்கள். தெரியாது என்று தந்தை சொல்லக் கேட்ட பிள்ளை, தெரியாததற்கு வெட்கப்படமாட்டான்.

நான்காவது, பிள்ளையிடம் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள். அந்தப் பையனிடம் பேச்சுக் கொடுத்ததில், கடைத்தெருவில் பழகியே சிங்களம் சரளமாகப் பேசுகிறான் என்று தெரிந்தது. திருவிழாவில் தப்படிப்பவர்களில் அவனும் ஒருவன். பாட்டியிடம் கேட்ட பழைய பாட்டுகள் பல அவனுக்கு மனப்பாடம். இவையெல்லாம் பரீட்சைத் தாளில் வராதவைதான். இரு மொழியறிந்த நாவும், பாட்டறிந்த செவியும் நாளை எந்தப் பூட்டைத் திறக்கும் என்று யார் கண்டார்?

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் வீட்டில் யாரைப் பற்றியேனும் 'இனி இவரால் ஆகாது' என்று முடிவு செய்திருக்கிறோமா? அந்த முடிவை எடுத்தது யார்?

2. எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, வயதில் அல்லது பதவியில் குறைந்த ஒருவரிடம் நான் கடைசியாக எப்போது கற்றேன்?

3. எனக்குத் தெரிந்த ஒன்றை, கிழமையில் ஒரு மணி நேரம், நம் பிரிவிலுள்ள எந்தப் பிள்ளைக்குக் கற்பிக்க முடியும்?

4. லூக்கா 2ஆம் அதிகாரம், 41 முதல் 52 வரையுள்ள வசனங்களைச் சேர்ந்து வாசியுங்கள். மரியாவும் சூசையும் மகனைப் புரிந்துகொள்ளாத வேளையில் என்ன செய்தார்கள்?

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். அவன் தந்தை பஸ் ஏற்றுவதை ஒத்திப்போட்டிருக்கிறார். தோட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கோவிலுக்கு நாள் தவறாமல் போகும் இந்துப் பெரியவர், செவ்வாயும் வியாழனும் மாலையில் அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். இப்போது அங்கே நான்கு பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். அவன் மீண்டும் பரீட்சை எழுதச் சம்மதித்திருக்கிறான். சித்தியடைவானா என்று நாம் வாக்களிக்க முடியாது. போன ஞாயிறு மண்டபத்தில் சந்தித்தபோது, சுவரிலிருந்த படத்தைக் காட்டி, "சாமி, இவரு இருபத்தேழு வயசுல தொடங்கினாருன்னு எங்க சாருக்கே தெரியாது. நான்தான் சொன்னேன்" என்றான்.

மாணவன் ஆசிரியருக்குக் கற்பித்த முதல் பாடம் அது. எல்லாக் குருக்களையும் மாணவராக்கும் தூய ஆவியானவர், நம் பிள்ளைகளையும் நம்மையும் நடத்துவாராக. ஆமென்.